ஒரு கூரையின்கீழ் நூறு குடித்தனம்

நம் சங்கத்து அன்பர்கள் பலர் நம்மைக் காணும்போதெல்லாம், "தாங்கள் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறார்களே, அதில் என்ன வேலை?" என்று வினவுவதுண்டு. வங்கி உத்தியோகம் என்றால் விளங்கிவிடுகிறது. ரயில்வே என்றாலும் விளங்கிவிடுகிறது. "மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினிக்குள் குடியிருக்கும் லினக்ஸ் மெய்நிகர் இயந்திரங்களைப் பராமரிக்கிறோம்" என்று விடை கூறினாலோ, கேட்டவர் முகத்தில் மரியாதையான ஒரு மௌனம் படர்ந்துவிடுகிறது. சென்ற பொங்கல் விழாவில் ஓர் அன்பர் இன்னும் ஒரு படி மேலே போய், "பெருங்கணினியா? அவையெல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன என்றல்லவா எண்ணியிருந்தேன்!" என்றார். அருகில் நின்ற ஆசிரியர் அவர்கள், "இதனையே ஒரு கட்டுரையாக எழுதித் தாருங்கள், கணினித் துறையைச் சாராதவர்க்கும் விளங்க வேண்டும்" என்று பணித்தார்கள். பின்பகுதி கடினமான நிபந்தனை. இயன்றவரை முயல்கிறோம்.

மாதுங்காவிலும் சயானிலும் தாராவியிலும் முதன்முதல் குடியேறிய நம்மவர் பலர், இவ்வூரார் 'சால்' என்று வழங்கும் நீண்ட ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களில் வாழ்ந்தவர்களே. ஒரே கூரை; ஒரே மாடிப்படி; ஒரே குழாயடி. ஆயினும் அறைக்கு ஒரு குடும்பம், தனி அடுப்பு, தனிப் பூட்டு. நம் பெருங்கணினியும் அத்தகைய கட்டடமே. பார்வைக்கு அலமாரி போன்ற ஒரு பெட்டி. அதனுள் நூற்றுக்கு மேற்பட்ட கணினிகள் குடியிருக்கின்றன. அவை தகட்டாலும் கம்பியாலும் ஆனவை அல்ல, நிரலால் உண்டாக்கப்பட்டவை. ஆதலின் மெய்நிகர் இயந்திரம் என்கிறோம். சாலில் இருப்பவருக்குத் தாம் ஒண்டுக்குடியிருக்கிறோம் என்பது நன்கு தெரியும். குழாயடி அதை நாள்தோறும் நினைவூட்டும். மெய்நிகர் இயந்திரத்துக்கோ அந்தக் கவலை இல்லை. தனக்கென ஒரு முழுக் கணினி, தனக்கென நினைவகம், தனக்கென வட்டு இருப்பதாகவே அது நடந்துகொள்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஊறு நேராமல் காப்பதுதான் வீட்டுக்காரரின் திறமை. இந்த வீட்டுக்காரருக்கு 'இசட்-வி.எம்.' என்று பெயர். இருவருக்கும் இடையே தூது சென்று, இடக் கணக்கு எழுதி, குழாயடிச் சண்டை தீர்த்து வைக்கும் மேஸ்திரி வேலை நம்முடையது.

இவ்வேற்பாடு நேற்று முளைத்ததன்று. 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம்/360' என்னும் கணினி வரிசையை அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த அந்நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில், ராபர்ட் கிரீசி என்பவர் தலைமையில் ஒரு சிறு குழுவினர் ஒரு புதுமையில் இறங்கினர். ஒரு கணினியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினி கிடைத்தது போலவே செய்துவிட்டால் என்ன என்பது அவர்கள் எண்ணம். 'சி.பி.-40' என்று பெயர் பெற்ற அந்த நிரல் 1967 சனவரியில் நாள்முறைப் பயனுக்கு வந்தது. ஒரே இயந்திரத்துக்குள் 14 மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் அடக்க இயலாது! அதன் வழித்தோன்றலை 1972 ஆகஸ்டில் 'வி.எம்./370' என்ற பெயரில் அந்நிறுவனம் வெளியிட்டது. இன்றைய இசட்-வி.எம். அந்தக் குலத்துக் கொழுந்துதான்.

நம் நாட்டு இளைஞர்க்கும் அக்காலத்திலேயே இத்தகைய இயந்திரங்களோடு பழக்கம் ஏற்பட்டது. சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் (நாம் ஐ.ஐ.டி. என்று அழைப்பது) 1973 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. அட்டைகளைத் துளையிட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்ற அந்தத் தலைமுறையினர் சிலர் இன்றும் இம்மாநகரில் உள்ளனர், இவ்விதழையும் வாசிக்கின்றனர். 1978 இல் அந்நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறி, மீண்டும் 1992 இல்தான் திரும்பியது. நாம் கல்லூரியில் படித்தபோது பெருங்கணினி என்பது பாடநூலில் ஒரு படம் மட்டுமே.

லினக்ஸின் கதை வேறு. 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் மேசைக் கணினிக்கென எழுதத் தொடங்கியது அது. விலையில்லாதது, எவரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியது. அதற்கும் பெருங்கணினிக்கும் திருமணப் பொருத்தம் பார்க்க யாரும் துணிந்திரார். ஆனால் 1999 டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனத்தாரே தம் எஸ்/390 பெருங்கணினியில் லினக்ஸ் ஓடுவதற்கான திருத்தங்களை வெளியிட்டனர். மறு ஆண்டில் சூசே நிறுவனம் தன் முதல் 'எண்டர்பிரைஸ்' பதிப்பைக் கொண்டுவந்தபோது, அது மேசைக் கணினிக்கன்று, இந்தப் பெருங்கணினிக்கே வந்தது. லினக்ஸ் மட்டும் ஓடுவதற்கென்று மலிவான ஒரு செயலியும் (அதற்கு ஐ.எஃப்.எல். என்று பெயர்) அதே 2000 இல் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டில்தான் டேவிட் பாயஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரே பெருங்கணினிக்குள் 41,400 லினக்ஸ்களை எழுப்பிக் காட்டினார். அது சோதனை, குடித்தனம் நடத்தக்கூடிய எண்ணிக்கை அன்று. ஆயினும் 14 எங்கே, 41,400 எங்கே!

நாம் இவ்வேலைக்கு வந்தது 2006 இல். ஒரு நிதி நிறுவனத்தின் கணினிக்கூடம். பெயர் வேண்டா. அங்கே நமக்கு முன்பே நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு பெரியவர் இருந்தார். கூடத்தில் தமிழர், மராட்டியர், குஜராத்தியர் யாவரும் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைத்தனர். மராட்டியப் பிள்ளைகள் அதுவே அவருடைய இயற்பெயர் என்று நெடுநாள் எண்ணியிருந்தனர். பழைய வி.எம். காலத்திலிருந்தே அத்தொழிலில் ஊறியவர். நாமோ மேசைக் கணினி லினக்ஸில் மட்டும் பழகியவர். முதல் நாளே அவர் சொன்னார்: "தம்பி, லினக்ஸ் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரரைத் தெரியாது. குடியிருப்பவனை விசாரிக்கும் முன்னே வீட்டுக்காரரை விசாரிக்கப் பழகுங்க."

இசட்-வி.எம். தன் குடிகளின் விவரத்தை ஓர் அடைவில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு பெயர். எவ்வளவு நினைவகம், எத்தனைச் செயலி, எந்த வட்டில் எந்த உருளை முதல் எந்த உருளை வரை என்னும் எல்லைக் கணக்கு. பட்டாவும் சிட்டாவும் பார்ப்பது போலவே இருக்கும். பெயர் எட்டு எழுத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. உண்மை வேலை செய்யும் இயந்திரங்களுக்கு நிறுவனத்தார் எண்ணும் எழுத்துமாய்ச் சுவையற்ற பெயர்களை இட்டிருந்தனர். சோதனை இயந்திரங்களுக்குப் பெயரிடும் உரிமை மட்டும் அண்ணாச்சியிடம் இருந்தது. அவர் காவேரி, வைகை, பாலாறு, பவானி, நொய்யல், கொள்ளிடம் என்று தமிழ்நாட்டு ஆறுகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில் இட்டிருந்தார். தம் சொந்த ஊர்த் தாமிரபரணி எட்டு எழுத்துக்குள் அடங்கவில்லை. ஆதலால் அதன் பழம்பெயரான பொருநையை எடுத்துக்கொண்டார். எல்லா இயந்திரங்களுக்கும் மூலமாக, படியெடுப்பதற்கென்றே ஓர் இயந்திரம் உண்டு. அது எப்போதும் இயங்காது, தூய்மையாக வைக்கப்பட்டிருக்கும். புதிய குடி வேண்டுமானால் அதன் வட்டை அப்படியே படியெடுத்து, பெயரையும் முகவரியையும் மாற்றினால் போதும்; சில நிமிடங்களில் ஒரு கணினி பிறந்துவிடும். அந்த மூலத்துக்கு அவர் இட்ட பெயர் பொதிகை. ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு எழுத்து.

இத்தொழிலின் சில விநோதங்களைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. கணினியை எழுப்புவதை இங்கே 'ஐ.பி.எல்.' என்பர். "இன்றிரவு ஐ.பி.எல். இருக்கிறது, வீட்டுக்கு வர இயலாது" என்று தொலைபேசியில் சொன்னால், வீட்டில் பிள்ளைகள் கிரிக்கெட்டென்று எண்ணி நுழைவுச்சீட்டுக் கேட்கின்றனர். அடுத்தது முனையம். லினக்ஸ் இயந்திரம் வலையில் எழுந்து நிற்கும்வரை அதனுடன் பேசுவதற்கு ஒரே வழி, பழைய 3270 முனையத்தின் வழியே வரி வரியாகப் பேசுவதுதான். அங்கே திரை முழுதும் விரியும் 'வி.ஐ.' திருத்தி வேலை செய்யாது. ஓடும் நிரலை நிறுத்த வேண்டுமானால் கட்டுப்பாட்டு விசையை அழுத்திப் பயனில்லை. கூரைக்குறியையும் 'சி' எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சிட வேண்டும். எண் குறி என்று நாம் சொல்லும் அந்தக் கட்டக்குறி (#) இருக்கிறதே, அதுதான் பெரிய வம்பு. வீட்டுக்காரர் அதனை வரியின் முடிவு என்று கொள்கிறார். கடவுச்சொல்லில் அக்குறியை வைத்துக்கொண்ட ஒரு வாலிபர், முனையத்தில் நுழைய முடியாமல் அரை நாள் போராடியதை நாம் கண்டிருக்கிறோம்.

இன்னொன்று, கருநிரலைப் புதுப்பித்தால் உடனே 'ஜிப்பில்' என்னும் கட்டளையை இட்டு, புதியது வட்டில் எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். புதுப்பிக்கும் கருவிகள் பெரும்பாலும் தாமே அதைச் செய்துவிடுகின்றன. செய்யாமற்போனால் மறுமுறை எழும்போது இயந்திரம் பழைய இடத்தில் தேடி, ஒன்றும் காணாமல் நின்றுவிடும். அப்போது பக்கத்து இயந்திரத்தில் அதன் வட்டை இணைத்துத் திருத்த வேண்டும். மேசைக் கணினியில் திருப்புளி தேவைப்படும் அவ்வேலை, இங்கே இரண்டு கட்டளைகளில் முடிந்துவிடுகிறது. நோயாளியின் வயிற்றைத் திறந்து, பக்கத்து வீட்டார் ஒருவரைக் கொண்டே தைத்து மூடுவது போன்றது இது. உவமை நயமற்றதுதான், ஆனால் உண்மை.

இனி, நினைவகத்தைப் பற்றிக் கூற வேண்டும். இதுவே நம் தொழிலின் நடுநாயகம்.

மாநகராட்சித் தண்ணீர் விடியற்காலையில் சிறிது நேரமே வரும் நாள்களில், சாலில் என்ன நடக்கும்? ஒவ்வொரு குடும்பமும் தேவைக்கு மேலாகக் குடம், தவலை, பீப்பாய் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துக்கொள்ளும். பாத்திரம் பெரிதானால் பிடிப்பதும் பெரிதாகும். லினக்ஸ் அச்சாக அத்தகைய குடும்பத்தலைவி. வட்டிலிருந்து ஒருமுறை வாசித்ததை மறுமுறை உதவும் என்று நினைவகத்தில் சேமித்து வைக்கும். காலியாக ஒரு சொட்டு இடம் கிடந்தாலும் அதையும் நிரப்பிவிடும். தனிக் கணினியில் இது நற்குணம். சும்மா கிடக்கும் இடம் பயன்படுகிறதல்லவா? ஒண்டுக்குடித்தனத்தில் அதுவே பெருங்கேடு. ஒருவர் நிரப்பிய பீப்பாய் இன்னொருவர் குடிநீர்.

வீட்டுக்காரரோ துணிச்சல்காரர். கையில் இருக்கும் மெய்யான நினைவகத்துக்கு மேலாகவே குடிகளுக்கு வாக்களித்திருப்பார். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. தூங்கும் குடியின் பக்கங்களை எடுத்து வட்டில் ஒதுக்கிவைத்து, விழிக்கும்போது திரும்பக் கொடுப்பார். இதற்கு ஒரு தடை முதலில் இருந்ததாக அண்ணாச்சி சொல்வார். தொடக்க காலத்து லினக்ஸ், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நொடிக்கு 100 முறை விழித்துக் கடிகாரம் பார்க்கும் வழக்கமுடையது. ஒரு குடி நொடிக்கு நூறு முறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் அது தூங்குகிறது என்று வீட்டுக்காரர் எங்ஙனம் அறிவார்? எல்லாக் குடிகளும் ஓயாது உழைப்பதாக எண்ணி அவர் ஒருவரையும் ஒதுக்கமாட்டார். பின்னர் வேலையில்லாதபோது கடிகாரம் பார்க்காமல் இருக்கும்படி லினக்ஸைத் திருத்தினர். அந்தச் சிறு திருத்தம் வந்திராவிட்டால் ஒரு பெட்டிக்குள் நூறு குடித்தனம் என்பது பேச்சோடு போயிருக்கும் என்பது நம் கருத்து.

ஆகவே இத்தொழிலில் சிக்கனமே தலையாய விதி. ஒரு லினக்ஸுக்கு எவ்வளவு நினைவகம் கொடுப்பது? சற்றே மூச்சுத் திணறும் அளவுக்கு. அது திணறுகிறபோது இறக்கிவைக்க, நினைவகத்திலேயே அமைந்த ஒரு மெய்நிகர் வட்டைக் கொடுத்துவிட்டால் போதும். பயன்படுத்தும்வரை அதற்கு இடமே பிடிக்காது. பிற கணினிகளில் பழகியவர்களுக்கு இவ்விதி விளங்குவதில்லை. மந்தமாக இருக்கிறதா, நினைவகத்தைக் கூட்டு என்பதே அவர்கள் அறிந்த மருந்து.

அம்மருந்து ஒருமுறை கொடுக்கப்பட்டது. 2014 மார்ச் இறுதி. ஆண்டுக் கணக்கு முடியும் வாரம். பல்லாயிரம் தொழிலாளர்களின் சம்பளம் வங்கிகளுக்குச் செல்ல வேண்டிய இரவும் அதுவே. அதற்குச் சில நாள் முன்பு, வேலை விரைவாக நடக்க வேண்டும் என்று பயன்பாட்டுப் பிரிவினர் கேட்க, மேலிடத்தார் ஒப்புதல் அளித்து, நாற்பது இயந்திரங்களின் நினைவகம் தலைக்கு 4 கிகாபைட்டிலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. அண்ணாச்சி எழுத்து மூலம் ஆட்சேபித்திருந்தார். "கொடுத்ததை எல்லாம் குடித்துவிடும்" என்று ஒரே வரி. அது கோப்பில் உறங்கியது.

பெட்டியில் மெய்யாக இருந்த நினைவகம் 256 கிகாபைட். குடிகளுக்கு வாக்களித்தது 360 அளவில் இருந்தபோது ஒரு தொல்லையும் இல்லை. இப்போது அது 840 ஆகிவிட்டது. கணக்கு முடிப்பு வேலை தொடங்கியதும் நாற்பது குடிகளும் பீப்பாய்களை நிரப்பத் தொடங்கின. இரவு பதினொன்றரை மணிக்கு நாம் வழக்கப்படி ஒதுக்கிட வட்டுகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று வீட்டுக்காரரைக் கேட்டோம். பாதிக்குமேல் நிரம்பலாகாது என்பது நியதி. எழுபத்தெட்டு விழுக்காடு என்றது திரை. பத்து நிமிடம் கழித்து எண்பத்து மூன்று.

இங்கே நேயர்கள் ஒன்றை உணர வேண்டும். ஒரு லினக்ஸ் வீழ்ந்தால் அது ஒரு குடியின் துன்பம். ஒதுக்கிட வட்டு முழுதும் நிரம்பி, அடுத்து அது வழிந்து செல்லும் 'ஸ்பூல்' இடமும் நிரம்பிவிட்டால், வீட்டுக்காரரே வீழ்வார். கூரை விழும், நூற்றிருபது குடித்தனமும் ஒரே கணத்தில் மண்ணாகும். மீண்டும் எழுப்பி, அறுந்த கணக்குகளைத் தரவுத்தளங்கள் சரிபார்த்து முடிக்கப் பொழுது விடிந்துவிடும். மறுநாள் சம்பளம் வராது. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் முதல் தேதியை நோக்கியிருக்கும் குடும்பங்கள் எத்தனை என்பதை வெளியூரில் வாழும் நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணாச்சியை வீட்டிலிருந்து அழைத்தோம். பன்னிரண்டே கால் மணிக்கு வேட்டியோடு வந்து சேர்ந்தார். திரையை ஒரு முறை பார்த்தார். எண்பத்தொன்பது.

"லினக்ஸுக்குள்ளே போய்ச் சேமித்ததைக் காலி செய்யச் சொல்லலாமா, அண்ணாச்சி?" என்றோம்.

"அது காலி செய்ததாகத் தன் நோட்டிலே எழுதிக்கொள்ளும், தம்பி. வீட்டுக்காரருக்கு யார் போய்ச் சொல்வது? அவர் கணக்கிலே அந்தப் பக்கம் அப்படியே இருக்கும். பதறாதீங்க. வேலை செய்கிற எவனையும் தொட வேண்டாம். முதலிலே ஆறுகளை நிறுத்துங்க."

காவேரியை நிறுத்தினோம். நிறுத்தும் முன் முறையாக வேலையை முடித்துக்கொள்ள அவகாசம் தரும் கட்டளை உண்டு, அதையே இட்டோம். வைகை நின்றது. பாலாறு, பவானி, நொய்யல் நின்றன. ஒவ்வொன்றும் வெளியேறுகையில் அது பிடித்திருந்த பக்கங்கள் எல்லாம் வீட்டுக்காரரிடம் உடனே திரும்பின. பதினான்கு சோதனை இயந்திரங்கள் போனபின் எண் எண்பத்து நான்குக்கு இறங்கிற்று. மறுபுறம் அண்ணாச்சி, வேறு பணிக்கென்று வைத்திருந்த வெற்று வட்டுகள் நான்கை ஒதுக்கிட வட்டாக வடிவமைத்துக்கொண்டிருந்தார். வடிவமைப்பு உருளை உருளையாக நடக்கும், விரைவுபடுத்த வழியில்லை. இடையே எண் மீண்டும் ஏறி எண்பத்தொன்பதைத் தொட்டது. நிறுத்த மிச்சம் இருந்த ஆறு பொருநை மட்டுமே. அதில் மறுநாள் நடக்க வேண்டிய ஒரு சோதனைக்காக அவர் பல நாள் சேர்த்த கணக்குகள் நினைவகத்தில் இருந்தன. நம்மை நிமிர்ந்தும் பாராமல், "பொருநையையும்" என்றார்.

ஒன்றே முக்கால் மணிக்கு முதல் புதிய வட்டு வீட்டுக்காரரின் கையில் சேர்ந்தது. எண் எழுபதுக்கு இறங்கியது. நான்காவது சேர்ந்தபோது ஐம்பத்தெட்டு. குடிகள் ஒன்றும் அறியவில்லை. சம்பளம் உரிய நேரத்தில் சென்றது. மறுவாரம் நாற்பது இயந்திரங்களும் ஒவ்வொன்றாக 5 கிகாபைட்டுக்கு இறக்கப்பட்டன. வேகம் குறைந்ததாக எவரும் புகார் எழுதவில்லை. அண்ணாச்சியின் ஒருவரி ஆட்சேபம் பிற்பாடு ஒரு கூட்டத்தில் வாசிக்கப்பட்டதாகக் கேள்வி. அவருக்கு அதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. பொருநையைப் பொதிகையிலிருந்து மறுபடி எடுத்து, கணக்குகளைத் தொடக்கத்திலிருந்து சேர்க்கத் தொடங்கிவிட்டிருந்தார்.

2018 இல் அவர் ஓய்வு பெற்று அம்பாசமுத்திரம் சென்றுவிட்டார். 2021 இல் நிறுவனத்தார் இந்தப் பெட்டியையே அகற்றிவிட்டு, எல்லாவற்றையும் வாடகை மேகத்துக்குக் கொண்டுசெல்வதென்று திட்டமிட்டனர். மேகத்தை இகழ நமக்கு விருப்பமில்லை. வலைத்தளப் பக்கங்களைக் காட்டும் இயந்திரங்கள் அங்கே செல்வதே முறை என்று நாமே எழுதிக் கொடுத்தோம். விழா நாளில் பத்து மடங்காகவும் மறுநாள் ஒன்றாகவும் மாறுவதற்கு அங்கே வசதி மிகுதி. தரவுத்தளங்களைப் பற்றித்தான் நம் வழக்கு வேறாக இருந்தது. அதே பெட்டியின் வேறொரு பகுதியில் பழைய பேரேடுகள் இருக்கின்றன. நம் லினக்ஸ்கள் அவற்றோடு கம்பி இல்லாமலே, நினைவகத்துக்கு நினைவகம், பேசுகின்றன. அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே சன்னல் வைத்திருப்பவன் அடுக்களையை அடுத்த ஊருக்கு மாற்றுவானா? தரவுத்தள உரிமக் கட்டணமும் செயலிகளின் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடப்படுகிறது. இங்கே சில செயலிகளில் அடங்குவது அங்கே பலவற்றில் பரவும். இரண்டாண்டு வாதத்துக்குப் பிறகு பாதி சென்றது, பாதி நின்றது.

சென்ற பாதியோடு மனிதரும் சென்றனர். எழுவராக இருந்த நம் குழுவில் மூவர் வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுள் சேலத்தார் ஒருவரின் மூத்த மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவர் மட்டும் ஐதராபாத்தில் ஓர் அறை எடுத்துத் தங்க, குடும்பம் ஓராண்டு இங்கேயே இருந்தது. பிழைப்புக்காக ஒருமுறை ஊர் மாறியவர்களுக்கு மறுமுறை மாறுவது எளிது என்று மேலிடத்தார் எண்ணுகின்றனர் போலும். அஃது அங்ஙனமன்று. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் ஒன்றை, ஓட்டம் நில்லாமலே ஒரு பெருங்கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வசதி 2011 இல் இசட்-வி.எம்.முக்கு வந்தது, அடுப்பில் கொதிக்கும் பால் பொங்கி வழியாமல் வீட்டையே பெயர்த்து வைப்பது போன்ற அற்புதம். மனிதக் குடும்பங்களுக்கு இன்னும் அவ்வசதி வரவில்லை.

பொங்கல் விழாவில் கேட்ட அன்பருக்கு ஒரு செய்தி. லினக்ஸுக்கென்றே தனிப் பெருங்கணினி வரிசை 2015 இல் வந்தது. இசட்17 என்னும் புதிய தலைமுறை 2025 இல் வந்திருக்கிறது. பெட்டிகளுக்குக் குறைவில்லை. வீட்டுக்காரரோடு பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் குறைவு. நம் கூடத்தில் இப்போது இருவர் மட்டுமே. நமக்கும் ஐம்பது கடந்துவிட்டது. சென்ற ஆண்டு இரண்டு இளைஞர்களைத் தந்தார்கள். கோவில்பட்டிப் பெண் ஒருத்தி. நாசிக் பையன் ஒருவன். லினக்ஸில் நம்மைவிட வல்லவர்கள். நாளும் ஒரு மணி நேரம் முனையத்தின்முன் உட்காரவைத்து, ஒதுக்கிட எண்ணை முதலில் கேட்கப் பழக்குகிறோம். அந்தப் பெண் மூன்றாம் வாரத்திலேயே நம்மிடம், "சார், இந்த ஆறுகளையெல்லாம் யார் பேர் வெச்சாங்க?" என்று கேட்டாள். சொன்னோம்.

நம் இல்லத்துப் பிள்ளைகளுள் யாருக்கேனும் விருப்பம் இருந்தால், கோடிக்கணக்கான ரூபாய்ப் பெட்டி தேவையில்லை. ரோஜர் பௌலர் என்பவர் 1999 இல் தொடங்கிய 'ஹெர்குலிஸ்' என்னும் இலவச நிரல், வீட்டுக் கணினியையே பழைய பெருங்கணினி போல நடிக்கவைக்கும். அதன்மேல் 1970களின் வி.எம்./370 இன்றும் தடையின்றி ஓடும். அதுவும் காசில்லாமல் கிடைக்கிறது. நம் தமக்கையின் மகன் கோடை விடுமுறையில் இதை முயன்றான். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் முனையத்தில் ஒரு கோப்பு எழுத முற்பட்டு, "மாமா, நான் அடிக்கிற வரி பாதியிலே அறுந்து போகுது" என்று கத்தினான். எட்டிப் பார்த்தோம். கட்டக்குறி.